மேசைமேல் ஒரு போர்க்களம்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் ‘ஆயத்தம்’ என்னும் ஒரு சொல்லைத் தந்து, அதனை ஒட்டி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றனர். கவிஞன் கவிதைக்கு ஆயத்தமாவதைப் பற்றி இவன் பேசுவான் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் பேசப்போவதோ பொம்மைப் போர்வீரர்களைப் பற்றி. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். 2024-ஆம் ஆண்டு வரை நானும் அவ்வாறு சிரித்தவனே.

அவ்வாண்டு என் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருக்க இங்கிலாந்து சென்றேன். அவன் பொறியாளன், நாட்டிங்காம் நகரில் பணிபுரிகிறான். இரவு அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, கூடத்துச் சுவர் நெடுகிலும் நம் வீட்டு நவராத்திரிக் கொலுப்போல் அடுக்கப்பட்டிருந்த பொம்மைகள். தெய்வம் ஒன்றும் இல்லை, செட்டியாரும் இல்லை, எல்லாம் படைவீரர்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல உயரம்கூட இராது. நூற்றுக்கு மேல் இருந்தன. முப்பது வயதைக் கடந்த ஒருவன், கண்ணில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுகளவு முகத்துக்குப் புருவம் தீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, தமிழாசிரியனாகிய என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

“அடுத்த மாதம் ஒரு பெரிய போட்டி இருக்கிறது அப்பா. அதற்குத்தான் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன்” என்றான்.

அந்த ஆயத்தத்தை ஒரு மாதம் அருகிருந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்லுமுன், இவ்விளையாட்டின் பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் தோன்றி, பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா சென்றது நீங்கள் அறிந்ததே. ஜெர்மனியின் பிரன்சுவிக்கில் ஹெல்விக் என்னும் ஆசிரியர் 1780-இல் அந்தச் சதுரங்கத்தை விரித்தார். கட்டங்களை ஆயிரத்துக்கு மேல் பெருக்கி, அவற்றுள் மலை, நீர்நிலை, ஊர் ஆகியவற்றை அமைத்தார். அவருக்குப் பின் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் இதனை வேறு வடிவுக்குக் கொண்டுசென்றனர். தந்தை 1812-இல் தாம் அமைத்த போர்மேசையை அரசருக்குக் காணிக்கையாக்கினார். படை அதிகாரியாகிய மகன் கட்டங்களை நீக்கிவிட்டு, உண்மையான நிலப்படத்தின் மீது, நடுவர் ஒருவர் மேற்பார்வையில், பகடை உருட்டி ஆடும் முறையை 1824-இல் வெளியிட்டார். ‘கிரீக்ஸ்ஷ்பீல்’, அதாவது போர் விளையாட்டு, என்பது அதன் பெயர். அலட்சியத்துடன் பார்க்க வந்த தலைமைத் தளபதி மியூப்ளிங், பார்க்கப் பார்க்க வியந்து, இது படையினருக்கு உரிய பயிற்சி என்று ஏற்றுக்கொண்டார். அந்த இளைய ரைஸ்விட்ஸ் மூன்றே ஆண்டுகளில், 1827-இல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் வகுத்த விளையாட்டு உலகப் படைகளிடையே பரவியதை அவர் காணவில்லை.

படைத்தலைவர்களின் மேசையிலிருந்து இதனைக் குடிமக்களின் வீட்டுத் தரைக்கு இறக்கியவர்களுள் முதன்மையானவர் ஓர் எழுத்தாளர். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். ஈயப் பொம்மை வீரர்கள், மரக்குச்சியை எறியும் வில்சுருள் பீரங்கிகள், ஒவ்வொரு நகர்வுக்கும் இத்தனை நிமிடம் என்னும் வரையறை ஆகியவற்றைக் கொண்டது அவ்விளையாட்டு. நூலின் முடிவில் அவர் சொல்லவந்தது கருதத்தக்கது: பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப்பார்த்தவன், மெய்யான போர் எத்துணை மடமையுடையது என்பதை உணர்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அவர் சொல்லை எவரும் கேட்கவில்லை. ஆனால் விளையாட்டு நிலைத்தது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்னும் நிறுவனம் 1975-இல் லண்டனில் தொடங்கப்பெற்று, பின்னர் நாட்டிங்காமைத் தலைமையிடமாகக் கொண்டது. அது 1983-இல் ‘வார்ஹாமர்’ என்னும் விளையாட்டையும், 1987-இல் தொலைதூர எதிர்காலத்தில் நிகழும் ‘வார்ஹாமர் 40,000’ என்னும் விளையாட்டையும் வெளியிட்டது. என் மகன் ஆடுவது இந்த இரண்டாவது விளையாட்டு.

இனி ஆயத்தத்துக்கு வருகிறேன். திருக்குறளின் 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்களை நினைவுகூருங்கள்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் இவற்றை நடத்தியிருக்கிறேன். இவை ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன என்பதை, நாட்டிங்காமில் ஓர் அடுக்குமாடி வீட்டின் தரையில் உட்கார்ந்தபோதுதான் என் உடம்பு உணர்ந்தது.

முதலாவது, தெரிந்து செயல்வகை. போட்டிக்குக் கொண்டுசெல்லும் படைக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் வலிமைக்கேற்ப விலைபோல் ஒரு புள்ளி விதிக்கப்பட்டிருக்கும்; எல்லாம் சேர்ந்து 2,000 புள்ளியைத் தாண்டலாகாது. வேண்டியதெல்லாம் எடுத்துக்கொள்ள இயலாது என்பதால் எதை விடுவது என்பதே முதற் கேள்வி ஆகிறது. பட்டியலைக் குறித்த நாளுக்குள் அமைப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்; அதன்பின் ஒரு வீரனைக்கூட மாற்ற இயலாது. வெண்பாவுக்கு ஈற்றடி முச்சீர் என்றால் முச்சீர்தான். நான்காவது சீர் எவ்வளவு இனியதாயினும் அதற்கு அங்கே இடமில்லை. யாப்பில் பழகிய நமக்கு இந்த நெருக்கடி புதிதன்று.

என் மகனிடம் குதிரைப்படை ஒன்று இருந்தது. முந்தைய குளிர்காலம் முழுவதும் இரவுகளில் விழித்திருந்து அவன் தீட்டியது. ஒவ்வொரு குதிரைக்கும் வேறு வேறு நிறம். ஒன்றன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நம் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் குதிரையை நினைத்துத் தீட்டியதாகச் சொன்னான். கொலுப்படியில் அதற்குத்தான் முதலிடம். பட்டியலின் முதல் வரைவில் அது இருந்தது. இரண்டாம் வரைவிலும் இருந்தது. மூன்றாம் வரைவில் இல்லை.

“ஏன் நீக்கிவிட்டாய்? மிக அழகாக இருக்கிறதே” என்றேன்.

“அழகாகத்தான் இருக்கிறது அப்பா. ஆனால் இந்தப் படையில் அதற்கு என்ன வேலை என்று ஐந்து ஆட்டம் ஆடியும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அது இங்கே இருப்பதற்குக் காரணம் இல்லை” என்றான்.

கவிஞர் பெருமக்களே, நம் கைப்பிரதிகளில் எத்தனை குதிரைகள், தீட்டிய கைக்கு மட்டுமே பிடித்தவையாய் நின்றுகொண்டிருக்கின்றன என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். என் தொகுப்பில் மட்டும் பதினோரு குதிரைகள் தேறின.

இரண்டாவது, வலியறிதல். செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை என நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறார் வள்ளுவர். என் மகன் ஆடிய படை ‘ஆஸ்ட்ரா மிலிட்டாரம்’. அவ்வுலகத்தில் மாவீரர்கள் உண்டு, அரக்கர்கள் உண்டு, இயந்திர உடலினர் உண்டு. இவர்களோ எளிய மனிதர்கள், கையில் ஒரு துப்பாக்கியும் நெஞ்சில் அச்சமும் உடையவர்கள். அவர்களுள் ஒருவன், கவசம் பூண்ட ‘ஸ்பேஸ் மரீன்’ மாவீரன்மீது சுடுகிறான் என்று கொள்வோம். முதற்பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் குறி தப்பாது. அதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. அடுத்த பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் காயம்படும், மூன்றில் ஒன்று. அதன்பின் மாற்றான் தன் கவசத்துக்காக உருட்டுவான். ஒன்றோ இரண்டோ விழுந்தால்தான் கவசம் தோற்கும். அதுவும் மூன்றில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பதினெட்டில் ஒன்று. முப்பத்தாறு முறை சுட்டால் சராசரி இரண்டு காயம். அந்த மாவீரன் ஒருவனை வீழ்த்த இரண்டு காயம் வேண்டும். ஆக, முப்பத்தாறு குண்டுக்கு ஒரே ஓர் ஆள்!

அருகில் நிற்கும் அதிகாரி ‘குறிபார்’ என்று ஆணையிட்டால், முதற்பகடையில் மூன்று விழுந்தாலே போதும். அப்போது அந்த இரண்டு காயம் மூன்றை நெருங்கும். எளிய படைக்கு வலிமை அதிகாரியின் குரலில் இருக்கிறது. ஆகவே அதிகாரியை எங்கே நிறுத்துவது என்பது துப்பாக்கியைவிடப் பெரிய கேள்வி. துணைவலி என்று வள்ளுவர் தனியே பிரித்துச் சொன்னது எதற்கு என்பது எனக்கு அன்று புலனாயிற்று.

இக்கணக்குகளை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். எதிரிக்கு ஒன்பது அங்குலத்துக்கு அப்பால் வந்திறங்கும் ஒரு பிரிவு, உடனே பாய்ந்து தாக்க வேண்டுமாயின் இரண்டு பகடையில் ஒன்பதோ அதற்கு மேலோ விழ வேண்டும். முப்பத்தாறு வகை விழுச்சிகளில் பத்து மட்டுமே அவ்வாறு விழும். நான்கில் ஒன்றைவிடச் சற்றே மிகுதி. “அந்தப் பத்தை நம்பித் திட்டம் போடக்கூடாது அப்பா, ஆனால் அந்தப் பத்து எதிரிக்கு விழுந்தால் என்ன செய்வோம் என்பதற்குத் திட்டம் இருக்க வேண்டும்” என்றான். தாயம் விழும் விழும் என்று கட்டையை உருட்டியே பழகிய எனக்கு இது புதிய பாடம். சூது என்னும் அதிகாரம் எழுதிய வள்ளுவரும், பணயம் ஏதுமின்றி, ஊழின் அளவை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு உருட்டும் இந்தப் பகடையைக் கடிந்திருக்க மாட்டார் என்று கருதுகிறேன்.

மூன்றாவது, காலமறிதல். ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம். இரண்டு நாளில் ஐந்து. சதுரங்கப் போட்டிகளில் உள்ளதுபோல் இருவருக்கும் தனித்தனியே ஓடும் கடிகாரம் மேசையோரத்தில் இருக்கும். நூறு வீரர்களை உடைய படைக்காரன் ஒவ்வொருவரையும் கையால் நகர்த்தியாக வேண்டும். பத்துப் பேர் கொண்ட படைக்காரனுக்கும் அதே தொண்ணூறு நிமிடந்தான். ஆகவே என் மகன் விடியற்காலையில் எழுந்து, எதிராளி இல்லாமலே, கடிகாரத்தை ஓடவிட்டுப் படையை நகர்த்திப் பழகினான். முதல் நாள் ஒரு சுற்றுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து சுற்றுக்கும் சேர்த்துத் தொண்ணூறு நிமிடமே உண்டு. ஐவரைச் சேர்த்துப் பிடிக்கும் தட்டுகளைச் செய்துகொண்டான். முடிவுகளை முன்பே எடுத்து வைத்தான். மூன்று வாரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு வந்தான். கணக்கு அறிவில் இருந்தால் போதாது, விரலுக்கு இறங்க வேண்டும் என்பதை அந்த விடியற்காலைகளில் பார்த்தேன்.

நான்காவது, இடனறிதல். ஆடுகளம் அறுபது அங்குல நீளமும் நாற்பத்துநான்கு அங்குல அகலமும் உடைய மேசை. அதன்மீது இடிந்த கட்டடங்கள் நிற்கும். எந்தக் கட்டடம் எங்கே என்பதைக் காட்டும் வரைபடம் முன்கூட்டியே வந்துவிடும். கொன்று குவிப்பவன் வெல்வதில்லை. குறிக்கப்பட்ட இடங்களைப் பிடித்து வைத்திருப்பவனுக்கே புள்ளி. நம் புறத்திணை மரபில் இதனை வைத்துப் பார்த்தால், வலிமை காட்டிப் பொருதும் தும்பையைவிட, அரணை முற்றுதலும் காத்தலுமாகிய உழிஞைக்கும் நொச்சிக்குமே இங்கு மதிப்பு மிகுதி எனலாம்.

அவனிடம் போதிய கட்டடப் பொம்மைகள் இல்லை. தரையில் காகித நாடாவால் கள எல்லையை ஒட்டிவிட்டு, நான் படிப்பதற்காகக் கொண்டுபோயிருந்த நூல்களை எடுத்து நிறுத்திக்கொண்டான். ஒருநாள் மாலை நான் உறங்கி எழுந்து வந்து பார்க்கிறேன்: புறநானூற்று உரைநூல் விரித்து நிறுத்தப்பட்டு இடிந்த கோட்டையாகியிருக்கிறது, அதன் நிழலில் இருபது வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கடிந்துகொள்ள வாயெடுத்தேன்; இயலவில்லை. அந்நூலுள் எத்தனை போர், எத்தனை சாவு, எத்தனை தாய்மாரின் கண்ணீர்! களவேள்வியையும் பாடி, கையறுநிலையையும் பாடி, இரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்கள் நம் முன்னோர். பொம்மை வீரர்களுக்கு அந்நூலின் நிழல் தகாதது என்று எனக்குத் தோன்றவில்லை. “போரை விளையாட்டாக்குவது உனக்கு உறுத்தவில்லையா?” என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் கழித்துச் சொன்னான்: “உறுத்த வேண்டிய இடம் இது இல்லை அப்பா. இங்கே விழுந்தவர்கள் எல்லாரும் இரவுக்குள் பெட்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.” வெல்ஸ் சொல்லவந்ததும் ஏறத்தாழ இதுவே.

வண்ணம் தீட்டுவதையும் சொல்லியாக வேண்டும். மொத்தம் நூறு புள்ளியில் பத்துப் புள்ளி, படை முழுவதும் ஒழுங்காக வண்ணம் பூசப்பட்டிருப்பதற்கே. அடிப்பூச்சு, மேற்பூச்சு, மடிப்புகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த மை, காலடியில் மண் என வரிசையாக வேலை நடக்கும். எதிரே உட்காரப்போகிறவனுக்குக் காட்சியைச் செம்மையாக வைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை என்பது அதன் கருத்து.

போட்டி நாள் வந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள். நூற்றுக்கணக்கானோர் இருந்தும் கூச்சல் இல்லை. ஆலங்கட்டி மழைபோல் பகடைகள் விழும் ஒலி மட்டும். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.

அங்கே ஒரு வழக்கத்தைக் கண்டேன். ஆடுகிறவன் தன் வீரனை நகர்த்தும்போது தன் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்கிறான். “இவனை இந்தச் சுவருக்குப் பின் வைக்கிறேன், உன் பீரங்கியின் கண்ணில் படாமலிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், சரிதானா?” என்கிறான். எதிராளி குனிந்து பார்த்து, “ஆம், தெரியவில்லை” என்கிறான். பின்னர் ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதைக் காட்டி எவரும் வாதிடுவதில்லை. பகைவர்கள் இருவர் சேர்ந்து, களத்தின் உண்மை இன்னது என்று ஒவ்வொரு நொடியும் உடன்பட்டுக்கொண்டே போரிடுகிறார்கள். நடுவர் கூடத்தில் எங்கோ இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு மேசைக்கும் நடுவர்கள் அவ்விருவருமே.

முதல் நாள் மூன்று ஆட்டத்தில் என் மகன் இரண்டில் வென்றான், ஒன்றில் தோற்றான். மறுநாள் காலை நான்காவது ஆட்டம். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயர். மூன்று மணி நேரமும் கயிறிழுப்பாகவே சென்றது. முடிவில் கூட்டிப் பார்த்தார்கள்: என் மகனுக்கு 72, அவருக்கு 69. அவர் எழுந்து கைகொடுக்க வந்தார். என் மகன் கையை நீட்டவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்விளையாட்டில் ஒரு விதி உண்டு. பாதிக்குமேல் அழிந்த பிரிவு, தன் முறையின் தொடக்கத்தில் உள்ளத்திண்மைக்காகப் பகடை உருட்ட வேண்டும். தவறினால் அப்பிரிவு நிலைகுலைந்ததாகும். நிலைகுலைந்த படைக்கு, அது எங்கே நின்றாலும், அந்த இடத்தைத் தனதென்று சொல்லும் உரிமை இல்லை. நான்காம் சுற்றில் அவனுடைய வீரர் சிலர் அவ்வாறு நிலைகுலைந்திருந்தார்கள். கடிகார நெருக்கடியில் அதை மறந்து, அவர்கள் நின்ற இடத்துக்கு ஐந்து புள்ளி எழுதிக்கொண்டுவிட்டான். எதிராளியும் கவனிக்கவில்லை. வேறு எவரும் பார்க்கவில்லை.

“எனக்கு ஐந்து குறைய வேண்டும்” என்று அவரிடம் சொன்னான். எடுத்து விளக்கினான். அவர் சற்று நேரம் யோசித்து, “ஆட்டம் முடிந்துவிட்டது, நானும் அப்போதே கவனித்திருக்க வேண்டும், அப்படியே இருக்கட்டும்” என்றார். அவன் மறுத்து, தாளில் 72-ஐ அடித்து 67 என்று எழுதினான். இரண்டு புள்ளியில் தோற்றான். ஐந்தாவது ஆட்டத்தில் வென்று, மூன்று வெற்றி, இரண்டு தோல்வியுடன் போட்டியை முடித்தான். பரிசு ஏதும் இல்லை.

இரவு வண்டியில் திரும்பும்போது கேட்டேன்: “ஒரு மாதம் விடியலில் எழுந்து உழைத்தாயே, அவரே விட்டுக்கொடுத்தபோது ஏற்றுக்கொண்டிருக்கலாமே?” சாலையைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: “அந்த ஐந்து புள்ளியை வைத்துக்கொண்டால், அந்த ஒரு மாதத்தில் நான் எவ்வளவு கற்றுக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும் அப்பா.”

அதற்குமேல் நான் பேசவில்லை. பேச இயலாமைக்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இன்று இம்மேடைக்கு வந்தேன்.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டுக் கவியரங்கில் நான் படித்த ஒரு கவிதை உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். மழை நின்ற பின் மின்கம்பியில் தொங்கும் நீர்த்துளிகளைப் பற்றிய உவமை ஒன்று அதில் வரும். அதற்காகத்தான் அவை கைதட்டியது. தலைவர் அவர்கள் அந்த வரிகளை இருமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். பின்னர் பல மேடைகளில் என்னை அறிமுகம் செய்தவர்களும் அந்த உவமையைச் சொல்லியே அறிமுகம் செய்தார்கள். அன்பர்களே, அந்த உவமை என்னுடையது அன்று. நான் ஆசிரியனாயிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டில் எழுதியிருந்தது. சிவப்பு மையால் அதன்கீழ்க் கோடிட்டு ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தவன் நானே. கவிதை எழுதியபோது அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நினைவில்லை, இது மெய். ஆனால் கைதட்டல் ஓய்வதற்குள் நினைவு வந்துவிட்டது, இதுவும் மெய். ஏழாண்டுகள் பேசாமலிருந்தேன். எவரும் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் அந்த மாணவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதினேன். இன்று அவர் குடும்பத் தலைவர், கவிதை எழுதுவதில்லை. தொலைபேசியில் அழைத்துச் சிரித்தார். தமக்கு அது மறந்தே போயிற்று என்றும், தம் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரைச் சொல்லவில்லை. ‘அப்படியே இருக்கட்டும் ஐயா’ என்று அவரும் சொன்னார். அந்த ஆங்கிலேயர் சொன்ன அதே சொற்கள்!

பத்தாண்டு நிறைவு மலரில் சேர்ப்பதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவிதைகளுள் அதுவும் ஒன்று. அதனை நீக்கிவிடும்படி மலர்க் குழுவினரிடம் வேண்டிக்கொண்டேன். அவர்கள் காரணம் கேட்டார்கள். விழாவில் சொல்வதாகச் சொன்னேன். சொல்லிவிட்டேன். என் கணக்கில் ஐந்து புள்ளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாக நாம் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு ‘அருமை, அருமை’ என்றே சொல்லிவந்திருக்கிறோம். அன்பினால் சொன்னோம், குறையில்லை. ஆயினும் இனிவரும் ஆண்டுகளில், கவிதை படிக்கும் முன் இன்னது செய்ய எண்ணினேன் என்று கவிஞர் சொல்லட்டும். கேட்பவர் குனிந்து பார்த்து, ‘ஆம், தெரிகிறது’ என்றோ, ‘இல்லை, இந்த வரி மறைக்கிறது’ என்றோ சொல்லட்டும். மாதக் கூட்டத்தில் அதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு அமைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதற்கூட்டத்துக்கு என் கவிதையையே கொண்டுவருகிறேன்.

என் மகனின் குதிரைப்படை இன்னும் அந்தக் கொலுப்படியின் மேல்தட்டில்தான் நிற்கிறது. போட்டிக்குப் போகவில்லை என்பதற்காக அதை அவன் தூக்கியெறியவில்லை. வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறான். என் பதினோரு குதிரைகளையும் நான் அவ்வாறே ஒரு தனி ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.